கொல்லைக் கதவு திறந்திருந்ததா? 302, 498ஏ மேல்முறையீட்டில் எதை முதலில் பிடிப்பது (விவாத இழை)

குடமுருட்டி:
ஜூனியர்களுக்கான பயிற்சிக்கு ஒரு மாதிரி வழக்கு. உண்மை வழக்கு இல்லை, ஊர் பேர் எதுவும் தேடவேண்டாம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆடிச் சீரில் மூணு பவுன் பாக்கி என்று புருஷனும் மாமியாரும் குத்திக் காட்டி அடித்தார்கள் என்பது பெண் வீட்டார் சாட்சியம். 2023 அக்டோபர், குறுவை அறுவடை நேரம். விடியற்காலை 5 மணிக்கு மாட்டுக்கொட்டகை வாரையில் சேலையில் தொங்கிக் கிடந்ததாக மாமியார் சத்தம் போடுகிறார். அக்கம்பக்கத்தார் வருவதற்குள் இறக்கிப் படுக்க வைத்தாகிவிட்டது. புருஷன் 6 மணிக்கு வருகிறான், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தேன் என்கிறான். பிரேதப் பரிசோதனை 'கழுத்தை நெரித்ததால் மூச்சுத்திணறல்' என்கிறது. மூன்றாம் நாள் வி.ஏ.ஓ.விடம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தானாம்.

மகளிர் நீதிமன்றம் 1ம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) புருஷனுக்கு 302-ல் (கொலை) ஆயுள், 498ஏ-யில் (மனைவிக்குப் புருஷன், அவன் வீட்டார் செய்த கொடுமை) மூணு வருஷம். 2ம் எதிரி மாமியாருக்கு 498ஏ-யில் ஒரு வருஷம். 304பி-யில் (வரதட்சணை மரணம்) குற்றச்சாட்டே வனையப்படவில்லை. அப்பீல் மெமோவில் முதல் காரணமாக எதை வைப்பீர்கள்?

ரிஜிஸ்ட்ரி ஜன்னல்:
காரணம் இருக்கட்டும், முதலில் நாள் கணக்கு. செஷன்ஸ் நீதிபதி நடத்திய விசாரணை, அதனால் இரண்டு பேர் அப்பீலும் ஐகோர்ட்டுக்குத்தான், மாமியாருக்கு ஒரு வருஷம்தான் என்றாலும். தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. ஆயுள் தண்டனை இருப்பதால் இரண்டு நீதிபதிகள் அமர்வு.

வீரசோழன்:
டெல்டா முழுக்க மதுரைதானே? 90 நாள்தானே?

ரிஜிஸ்ட்ரி ஜன்னல்:
இரண்டும் தப்பு சார். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை அங்கே போயின. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே நின்றுவிட்டன. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். கும்பகோணத்துக்காரர் மதுரைக்கு, அடுத்த மாவட்டத்து மயிலாடுதுறைக்காரர் சென்னைக்கு. மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜன்னலிலேயே திரும்பும், நாள்தான் வீண்.

கெடு 60 நாள். மரண தண்டனைக்கு 30. 90 என்பது உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு போடும் கணக்கு. உதாரணத்துக்கு மார்ச் 10 தீர்ப்பு. அந்த நாளை விட்டு 11-லிருந்து எண்ணினால் மே 9-ல் 60 முடியும். நகல் மனு மார்ச் 12-ல் போட்டு ஏப்ரல் 2-ல் தயார் என்றால் அந்த 22 நாளைக் கழித்துக்கொள்ளலாம், மே 31 வரை நேரம். அது கோடை விடுமுறைக்குள் விழுந்தால் கோர்ட் திறக்கும் முதல் நாள். ஆனால் முத்திரைத்தாள் கட்டச் சொல்லி அறிவிப்புப் போட்ட பிறகு நாம் கட்டாமல் தூங்கிய நாள்கள் இந்தச் சலுகையில் வராது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் ஒன்று உடனே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அதை வாங்கிவைத்துவிட்டு மெமோ எழுத ஆரம்பியுங்கள், சான்று நகலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்பதால் குற்றப் பிரிவுகள் பழைய இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்)தான், 302-ஐப் புதுச் சட்டத்தின் 103 ஆக்கிவிடாதீர்கள். அப்பீல் பிரிவுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374(2), புதியதன் 415(2) இரண்டையும் போட்டுவிடுவது நல்லது. பிரிவு எண் தப்பானால் அப்பீல் செத்துவிடாது, ஆனால் திருப்பி அனுப்ப ஒரு சாக்காகும்.

வெண்ணாறு:
தம்பி, முதல் காரணம் சாட்சியச் சட்டம் 106-தான், தனக்கு மட்டுமே தெரிந்ததை அவரவரே விளக்கவேண்டும் என்கிற பிரிவு. புதுச் சட்டத்தில் 109. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்: 'வீட்டுக்குள் மரணம், கணவன் விளக்கவில்லை, ஆகவே கணவன்தான்.' இந்த 'ஆகவே'வைத்தான் உடைக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடந்த கொலைக்கு வீட்டிலிருந்தவர் பதில் சொல்லவேண்டும் என்று 2006 திரிமுக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அங்கே பெண்ணின் அப்பாவிடம் பாம்பு கடித்துச் செத்தாள் என்று சொல்லியிருந்தார்கள், பரிசோதனையில் கழுத்து நெரிப்பு என்று வந்தது. ஆனால் 1956 ஷம்பு நாத் மெஹ்ரா வழக்கிலிருந்து மாறாத ஒரு விஷயம் இருக்கிறது. அரசு தரப்பு தன் அடித்தளத்தைப் போட்ட பிறகுதான் 106 வரும். இங்கே அடித்தளம் என்றால் என்ன? அந்த ராத்திரி அவன் வீட்டில் இருந்தான் என்பது. அதைச் சொல்ல யார் சாட்சி? மாலை 7 மணிக்குப் பார்த்தேன் என்கிற பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் என்றால், 7-க்கும் 5-க்கும் நடுவில் பத்து மணி நேரம் காலியாகக் கிடக்கிறது.

2021 நாகேந்திர ஸா வழக்கையும் பாருங்கள். அதுவும் மனைவி மரணம், கழுத்து நெரிப்பு. வீட்டில் மற்றவர்களும் இருந்தார்கள், சூழ்நிலைச் சாட்சியச் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் நிற்கவில்லை, கணவன் விளக்கம் தரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று விடுவித்தார்கள்.

அப்புறம் வீட்டு அமைப்பு. நம் பக்கத்துத் தெருவீடுகளில் வாசலில் நுழைந்தால் ரேழி, கூடம், அடுப்படி, கிணற்றடி, கொல்லை, கடைசியில் கொட்டகை. கொல்லைப் படல் (தட்டிக் கதவு) வாய்க்கால் கரையில் போய் நிற்கும். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது என்று ஒரு சாட்சி சொன்னதை வைத்து 'பூட்டிய வீடு' என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள். பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) கொல்லைப் பக்கம் என்ன எழுதியிருக்கிறது, மாதிரி வரைபடத்தில் படல் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படல் இருந்தால் அது பூட்டிய வீடு இல்லை.

அரிசிலாறு:
வெண்ணாறு சார் எதிரி தரப்பு வாதத்தை அழகாகச் சொல்லிவிட்டார். பெண் வீட்டாருக்காக ஆஜராகிறவர்கள் சார்பில் மறுபக்கம்.

கொள்முதல் நிலையக் கதையை எடுங்கள். 'வேறிடத்தில் இருந்தேன்' என்பதை நிரூபிக்கும் சுமை சொல்கிறவன் தலையில். விசாரணை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் நீதிபதி எதிரியிடம் கேட்கும் 313 கேள்வியின்போது மட்டும் அதைச் சொன்னால் எந்த அமர்வும் அசையாது. நிலையத்தில் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று மூன்று பேராவது இருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனதால் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு ராத்திரி தங்கும் விவசாயிகளும் பக்கத்துக் குவியல்களில் படுத்திருப்பார்கள். அதில் ஒருத்தரைக்கூட ஏன் கூண்டில் ஏற்றவில்லை? டோக்கன் சீட்டு அவன் பகலில் வந்ததைக் காட்டும், ராத்திரி படுத்ததைக் காட்டாது.

கொட்டகையில் தொங்கினாள் என்று சொல்லிவிட்டு, டாக்டர் நெரிப்பு என்றால், தொங்கவிட்டது யார்? வாய்க்கால் வழியாக வந்த திருடன் நெரித்துவிட்டுச் சேலையில் கட்டித் தொங்கவிட்டுப் போகமாட்டான். தற்கொலை போலக் காட்டவேண்டிய அவசியம் வீட்டுக்காரருக்குத்தான்.

வெண்ணாறு:
மேடம், பொய் விளக்கம் ஒரு கூடுதல் கண்ணிதான். மற்றச் சங்கிலி முழுசாக இருந்தால்தான் அதைச் சேர்க்கலாம். 1984 சாரதா வழக்கு அதைத்தான் சொல்கிறது, அந்த ஐந்து கோட்பாடுகள் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சிய அப்பீல் மெமோவே கிடையாது. தொங்கவிட்டார்கள் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. தொங்கியதைப் பார்த்ததாகச் சொல்வது மாமியார் மட்டும், அவரும் எதிரி. டாக்டர் யாராவது இருந்தால் நெரிப்பா தொங்கலா என்பதை விளக்கட்டும்.

தடய மேசை:
சுருக்கமாகச் சொல்ல முடியாத விஷயம், பொறுத்துப் படியுங்கள்.

தொங்கலில் கழுத்துத் தடம் மேலே இருக்கும், தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவில், முடிச்சை நோக்கிச் சாய்வாக ஏறி அங்கே விட்டுப்போகும். கயிற்றாலோ துணியாலோ நெரித்தால் தடம் கீழே, குரல்வளை மட்டத்திலோ அதற்கும் கீழோ, படுகிடையாகச் சுற்றி வரும். உள்ளே தசைகளில் ரத்தக்கசிவு நெரிப்பில் அதிகம். முடிச்சுக்கு எதிர்ப்பக்கக் கடைவாயிலிருந்து எச்சில் வழிந்த கோடு இருந்தால் உயிரோடு தொங்கியதற்கு அது நல்ல அடையாளம். இவை பாடப்புத்தக நிலை. கால் தரையில் பட்ட அரைத் தொங்கலில் தடம் கிட்டத்தட்டப் படுகிடையாகவே விழலாம். சேலை அகலமான, மெத்தென்ற துணி, சீக்கிரம் இறக்கிவிட்டால் தடமே மங்கலாக இருக்கும். 'தடம் படுகிடை, ஆகவே நெரிப்பு' என்று ஒரே வரியில் கருத்து எழுதியிருந்தால் குறுக்கு விசாரணைக்கு அங்கே இடம் இருக்கிறது.

வக்கீல்கள் இரண்டு பக்கமும் தப்பாகப் பிடிப்பது ஹையாய்டு எலும்பை, குரல்வளைக்கு மேலே இருக்கும் சின்ன எலும்பு. முறியவில்லை, ஆகவே நெரிப்பு இல்லை என்பார்கள். இருபத்தைந்து, முப்பது வயதில் அந்த எலும்பின் பாகங்கள் இன்னும் ஒட்டியிருக்காது, வளைந்து கொடுக்கும். துணியால் நெரித்ததில் முறியாமல் இருப்பது சகஜம். முறிவு அதிகம் வருவது கையால் குரல்வளையைப் பிடித்ததில். முறிந்திருந்தால் உயிரோடு இருக்கும்போது முறிந்ததா என்று பார்க்கவேண்டும், விளிம்பில் ரத்தக்கசிவு எழுதியிருக்கிறதா என்று.

கழுத்தை எப்போது திறந்தார்கள் என்பதும் முக்கியம். மண்டையையும் மார்பையும் முதலில் திறந்து ரத்தம் வடிந்த பிறகு, கடைசியில் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கவேண்டும். கழுத்தை முதலில் திறந்தால் செயற்கையான கசிவு உண்டாகி அது காயம் போலத் தெரியும். அறிக்கையில் வரிசை எழுதியிருக்காது, டாக்டரிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கவேண்டும். அப்பீலில் வந்து முதல்முறையாக இதைக் கிளப்ப முடியாது.

யாரும் கேட்காத ஒன்று: உள்ளங்கால். கொட்டகைத் தரையில் சாணமும் கோமியமும் சேறும் இருக்கும். அவளாக நடந்துபோய்த் தொங்கியிருந்தால் உள்ளங்காலில் ஒட்டியிருக்கவேண்டும். சுத்தமாக இருந்தால் யாரோ தூக்கிவந்தார்கள். பிரேத விசாரணை அறிக்கையில் 'கால்கள் நீட்டிய நிலையில்' என்று எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதேபோல வாரையின் உயரம், நிற்கப் பயன்பட்ட உரலோ முக்காலியோ, வாரையில் துணி உராய்ந்த தடம், முடிச்சின் வகை. முடிச்சை அவிழ்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கம் வெட்டி எடுக்கவேண்டும். இங்கே வீட்டார் அவிழ்த்தாகிவிட்டது. சேலையையாவது டாக்டரிடம் காட்டி 'இதனால் இந்தத் தடம் வருமா' என்று கருத்து வாங்கினார்களா? இல்லையென்றால் அந்தச் சாட்சியப் பொருள் வெறும் சேலைதான்.

பழைய ரைட்டர்:
டாக்டர் சொன்ன அந்த அறிக்கையை ஸ்டேஷனில் எழுதுகிறவனுக்கு ராத்திரி ரெண்டு மணி, மழை, கரண்ட் இல்லை. அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சரி.

காகிதங்களைக் கீழ்க்கண்டபடி எடுத்து நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் வந்த புகார் யாருடையது? இந்தமாதிரி மரணத்தில் பெரும்பாலும் அப்பா கொடுப்பார், 174-ல் சந்தேக மரணம் என்று பதிவாகும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும் 302-க்கு மாற்றி ஆல்ட்டரேஷன் ரிப்போர்ட் போகும். இந்த நாலு காகிதமும் மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம் ஓரத்தில் அவர் கையெழுத்தோடு இருக்கும். புகார் காலை 8 மணி, மாஜிஸ்திரேட் பார்த்தது மறுநாள் மாலை என்றால் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கலாம். தாமதம் மட்டுமே வழக்கைக் கொல்லாது. ஆனால் அந்தத் தாமதத்துக்குள் புகாரில் மூணு பவுன் புகுந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்குச் சாவி ஆர்.டி.ஓ. முன்னால் அப்பா அம்மா கொடுத்த வாக்குமூலம். 'பவுன் கேட்டார்கள்' என்பது அதில் இல்லாமல் கோர்ட்டில் மட்டும் வந்தால் பெரிய ஓட்டை. ஆர்.டி.ஓ. போலீஸ் இல்லை, அதனால் போலீஸிடம் சொன்னதைச் சாட்சியமாக்க விடாத 162 தடை அந்த வாக்குமூலத்துக்குக் கிடையாது, சாட்சியைக் காட்டி முரண்படுத்தலாம்.

கைப்பற்றிய பொருள் படிவம் 95-ல் கோர்ட்டுக்குப் போன நாளையும் பாருங்கள். சேலை முதல் நாள் கைப்பற்றி இருபது நாள் கழித்துப் போயிருந்தால், அதுவரை எங்கே இருந்தது?

வி.ஏ.ஓ. வாக்குமூலம்... அதைப் பற்றி நான் என்ன சொல்ல. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

வெண்ணாறு:
சிரித்தால் போதாது ரைட்டர் அண்ணே. வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி இல்லை, அதனால் சட்டப்படி அந்த வாக்குமூலம் ஏற்கத்தக்கதுதான். அதன் எடைதான் பிரச்சினை. நாலு கேள்வி: எதிரிக்கு அந்த வி.ஏ.ஓ. முன்பின் பழக்கமா? பழக்கமில்லாதவரிடம் போய்க் கொலையை ஏன் ஒப்புக்கொள்வான்? முதல் நாளே அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள் என்று பக்கத்து வீட்டு சாட்சி குறுக்கு விசாரணையில் சொல்லியிருக்கிறாரா? அதே வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கைப்பற்றுதல் மகஜரிலும் சாட்சியா? மூன்றாவதற்கு ஆமாம் என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், போலீஸ் காவலில் இருந்து கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும்.

குறுக்கு விசாரணை முரண்பாடுகள் பற்றி ஜூனியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போலீஸ் எடுத்த 161 வாக்குமூலத்தில் இல்லாததைச் சாட்சியிடம் காட்டிக் கேட்டு, பிறகு புலன் விசாரணை அதிகாரியிடமும் கேட்டு உறுதி செய்திருந்தால்தான் அது முரண்பாடு. பாதி மெமோக்களில் பத்துப் பதினைந்து முரண்பாடு அடுக்கியிருப்பார்கள், அதில் ஒன்றுகூட அதிகாரியிடம் கேட்கப்பட்டிருக்காது. அமர்வு முதல் அரைமணியில் கண்டுபிடித்துவிடும், அதற்கப்புறம் நல்ல வாதத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

வீரசோழன்:
ஒரு கிளைக் கேள்வி. உடல் கொட்டகையில் இல்லாமல் ஆற்றில் கிடைத்திருந்தால்? எங்கள் பக்கம் அதுதான் அதிகம் கேள்விப்படுவது.

தடய மேசை:
முதல் கேள்வி அந்த நாளில் ஆற்றில் தண்ணீர் போனதா என்பது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பு, கல்லணைக்கு வந்து பிரித்துவிட்டுக் கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். வைகாசியில் பல கிளையாறுகளில் மணல்தான், அங்கங்கே மடு. நீர்வளத்துறையின் அளவுப் பதிவேட்டை வரவழைத்தால் அன்றைக்கு எந்த மதகில் எவ்வளவு போனது என்று தெரியும். 'மேலே விழுந்து அடித்துக்கொண்டு வந்தாள்' என்கிற கதை அதிலேயே நிற்கும் அல்லது விழும்.

டயாட்டம் (தண்ணீரிலுள்ள நுண்பாசி) உடலுக்குள் போயிருக்கிறதா என்ற சோதனைக்குத் தொடை எலும்பு மஜ்ஜை எடுப்பார்கள். அதே இடத்துத் தண்ணீரின் ஒப்பீட்டு மாதிரி போகாவிட்டால் முடிவு பாதி மதிப்புதான். இல்லை என்று வந்தாலும் மூழ்கவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

விஷம் என்றால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பூரித உப்புக் கரைசலில் போகும். அந்தக் கரைசலின் வெற்று மாதிரியும் கூடப் போயிருக்கவேண்டும். சட்டத்தில் அதற்குத் தனிச் சோதனை: அந்த விஷத்தால் செத்தாள், அது எதிரி கையில் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது. நம் ஊரில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லா வீட்டுப் பரணிலும் இருப்பதால் 'கையில் இருந்தது' என்பது தனியாக எதையும் சொல்லாது.

இழை நடத்துநர்:
நடந்த வழக்குகளின் ஊர், பெயர் சொல்லி இரண்டு பதிவுகள் வந்தன, நீக்கிவிட்டேன். மாதிரி வழக்கை மட்டும் பேசுவோம்.

அரிசிலாறு:
498ஏ பக்கம் யாரும் வரவில்லை, நானே வருகிறேன். சீரும் வரதட்சணையும் ஒன்றா என்ற கேள்வி டெல்டாவில் எல்லா அப்பீலிலும் எழும். ஆடிச் சீர், தலைத்தீபாவளி, பொங்கல் வரிசை, பிள்ளைப்பேறு என்று பெண் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் செலவு. வழக்கமாகக் கொடுக்கும் சீர் வரதட்சணை ஆகாது என்று எதிரி தரப்பு 2001 சத்வீர் சிங்கைக் காட்டும். அதோடு 2007 அப்பாசாகிப்பையும் சேர்ப்பார்கள், அதைச் சேர்த்தால் உடனே எழுந்து நில்லுங்கள். 2015 ராஜீந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைச் சரியான சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. 2022-ல் வீடு கட்டப் பணம் கேட்டதையும் வரதட்சணை என்றே எடுத்துக்கொண்டார்கள். மாமனார் பிரியப்பட்டு அனுப்பிய சீர் வேறு, 'மூணு பவுன் கொண்டுவராமல் வாசப்படி ஏறாதே' என்பது வேறு. சாட்சியத்தில் இரண்டாவது வகை வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். 'வரதட்சணைக் கொடுமை செய்தார்கள்' என்ற பொத்தாம்பொது வரி போதாது. யார், எப்போது, எவ்வளவு, எதிரில் யார்?

செத்துப்போன மகள் அம்மாவிடம் சொன்னது 498ஏ-க்குச் செல்லாது என்று பழைய தீர்ப்புகளைக் காட்டுவார்கள். 2022 சுரேந்திரன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. மரணத்தின் காரணம் அந்த வழக்கில் கேள்வியாக இருந்து, சொன்னது அந்த மரணச் சூழலோடு தொடர்புடையதாக இருந்தால், கொடுமைக்கும் அந்தச் சாட்சியம் நிற்கும்.

அப்புறம் 498ஏ தனிக்கால். 302 விழுந்தாலும் அது தானாக விழாது. எதிரி தரப்பு மெமோவில் 302-க்கு முப்பது காரணம் எழுதிவிட்டு 498ஏ-க்கு ஒரு வரி எழுதுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

குடமுருட்டி:
302 விழுந்தால் அமர்வு 304பி-க்கு இறங்கித் தண்டிக்கலாமா மேடம்? ஏழு வருஷத்துக்குள் மரணம்தானே.

அரிசிலாறு:
எனக்குப் பிடிக்காத பதில், ஆனால் முடியாது. 2001 ஷம்ன்சாஹிப் முல்தானி வழக்கு. 304பி என்பது 302-க்குள் அடங்கிய சின்னக் குற்றம் இல்லை. 304பி-யில் நீதிமன்றம் எதிரிக்கு எதிராக அனுமானம் எடுக்கும், அதை முறியடிக்க அவனுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கவேண்டும். குற்றச்சாட்டே வனையாதபோது அந்த வாய்ப்பு இல்லை. அங்கே அந்தப் பிரிவில் மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே பெண் வீட்டார் வக்கீல் அரசு வக்கீலிடம் போய் நின்று, ஆதாரம் இருந்தால் இரண்டையும் மாற்றாகப் போடச் சொல்லவேண்டும். அன்றைக்குத் தூங்கினால் அப்பீலில் எழுந்து பிரயோஜனமில்லை.

வீரசோழன்:
304 முதல் பகுதிக்கு (கொலை ஆகாத மரணம்) இறக்கலாமே? திடீர்ச் சண்டை விதிவிலக்கு?

வெண்ணாறு:
இந்த உண்மைகளில் வேண்டாம். அரிவாள்மனையோ உலக்கையோ கையில் கிடைத்ததை எடுத்து ஒரே அடி என்றால் அந்த வாதம் உட்காரும். நெரிப்பு என்பது நிமிஷக்கணக்கில் அழுத்தம் கொடுத்துச் செய்வது, நடுவில் விட்டுவிட வாய்ப்பு இருந்தது. அதுவும் 'நான் வீட்டிலேயே இல்லை' என்கிற முதல் வாதத்தோடு 'இருந்தேன், கோபத்தில் செய்தேன்' என்பது ஒட்டாது.

கோபத்தை நீட்டிப் பார்க்கும் வாதம் நம் ஐகோர்ட்டில் உண்டு, ஆனால் அது கொடுமைப்பட்ட பெண்ணுக்கு. 1989 சுயம்புக்கனி வழக்கில் நல்லதங்காள் கதையைச் சொல்லியே தொடர்ச்சியான கோபமூட்டலை ஏற்றார்கள். புருஷன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தவள் வழக்கு. அடி வாங்கி வாங்கி ஒருநாள் புருஷனைத் தாக்கிய மனைவியின் அப்பீலில் அதைக் கொண்டுவரலாம். அடித்தவனுக்கு அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

குடமுருட்டி:
குழந்தை சாட்சி பற்றி? சம்பவத்தின்போது நாலு வயது. 'அப்பா அம்மா கழுத்தைப் பிடிச்சார்' என்கிறது. விசாரணை வரை தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தது.

அரிசிலாறு:
வயது தடையில்லை. 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசம் எதிர் பல்வீர் சிங் வழக்கில் ஏழு வயது மகளின் சாட்சியத்தை நம்பி, ஐகோர்ட் விடுவித்த கணவனுக்கு மறுபடி தண்டனையை நிலைநாட்டினார்கள். தாத்தா வீட்டில் இருந்தது என்பது மட்டும் சொல்லிக்கொடுத்ததற்கு நிரூபணம் இல்லை.

வெண்ணாறு:
நீதிபதி முதலில் கேட்கும் பரிசோதனைக் கேள்விகள் பதிவாகியிருக்கிறதா, குழந்தைக்குப் பொய் உண்மை வித்தியாசம் தெரியும் என்று நீதிபதி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். 161 வாக்குமூலம் எத்தனை நாள் கழித்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். மூன்றாம் நாளே குழந்தை சொல்லிவிட்டது என்றால் எனக்குக் கஷ்டம். ஒரு மாதம் கழித்து என்றால் மேடத்துக்குக் கஷ்டம். குழந்தை சொல்வதை ஏற்றால் அப்பா வீட்டில் இருந்தது நிரூபணமாகிறது, என் 106 வாதம் அங்கேயே முடிந்தது. அதனால் திருத்திக்கொள்கிறேன் தம்பி: மெமோவில் முதல் காரணம் குழந்தை, இரண்டாவதுதான் 106.

செல்போன் டவரை நம்பிப் போகவேண்டாம். வீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்றால் ஒரே டவருக்குள் இரண்டும் விழும், யாருக்கும் உதவாது. மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய 65பி சான்று இல்லாமல் அந்தப் பட்டியலைக் குறியீடு செய்திருந்தால் 2020 அர்ஜுன் பண்டித்ராவைக் காட்டி ஒதுக்கச் சொல்லலாம்.

ரிஜிஸ்ட்ரி ஜன்னல்:
தண்டனை நிறுத்த மனுவை மறந்துவிட்டீர்கள். மாமியார் பிணையில் இருந்து, தண்டனை மூணு வருஷத்துக்குள் என்பதால், அப்பீல் போடும்வரை விசாரணை நீதிமன்றமே 389(3)-ல் நிறுத்தி வைக்கலாம், புதுச் சட்டத்தில் 430(3). தீர்ப்பு நாளிலேயே மனு தயாராகக் கையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அன்று மாலை திருச்சி பெண்கள் சிறைக்கு வண்டி போய்விடும். மகனுக்கு ஆயுள், ஐகோர்ட்டில்தான் கேட்கவேண்டும், அரசு தரப்புக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தராமல் விடமாட்டார்கள். அபராதம் கட்டிய ரசீதையும் இணைத்துவிடுங்கள். சிறையில் இருப்பவர் வக்காலத்தில் சிறை அதிகாரி சான்று கட்டாயம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12.

தடய மேசை:
ஒரு சந்தேகம், சட்டக்காரர்கள் சொல்லுங்கள். மகன் வீட்டில் இல்லை என்பது நிரூபணமானால், அந்த ராத்திரி வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆள் மாமியார். அப்போது விளக்கம் சொல்லவேண்டியவர் யார்?

அரிசிலாறு:
அப்பாடா, ஒருத்தராவது கேட்டார். 'மகன் இல்லை' என்று நிரூபிக்கிற ஒவ்வொரு காகிதமும் அம்மா பக்கம் விரல் நீட்டும். அவர் மேல் 302 குற்றச்சாட்டு இல்லாததால் இந்த அப்பீலில் தண்டிக்க முடியாது. ஆனால் அமர்வு மறுவிசாரணைக்கு அனுப்ப நினைத்தால் கதவு திறந்துதான் இருக்கிறது.

வெண்ணாறு:
ஆமாம். தொங்கியதைப் பார்த்த ஒரே ஆளும் அவர்தான், இறக்கியதும் அவர்தான். தம்பி, இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் ஆஜராகக் கூடாது. குடும்பத்தார் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து ஒருத்தரையே வைப்பார்கள், மறுத்துவிடுங்கள்.

ரிஜிஸ்ட்ரி ஜன்னல்:
இரண்டு மெமோ, இரண்டு வக்காலத்து, தனித்தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தீர்ப்பிலிருந்து வந்தவை என்பதால் பட்டியலில் எப்படியும் ஒன்றாகத்தான் வரும். டைப்டு செட்டில் (அமர்வுக்குக் கொடுக்கும் ஆவணத் தொகுப்பு) மாதிரி வரைபடத்தை மறக்காமல் வையுங்கள், அதுவும் கொல்லைப்புறம் தெளிவாகத் தெரிகிற நகலாக. மங்கிய ஜெராக்ஸில் படல் காணாமல் போய்விடும்.

குடமுருட்டி:
வரைபடத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் தயாரித்த மாதிரிக் கட்டிலேயே கொல்லைப்புறம் போடாமல் விட்டிருக்கிறோம். திருத்தி நாளைக்கு ஏற்றுகிறேன்.